உறையும் எண்ணெயும் குளிர்விக்கும் கலனும்

மார்கழி மாதத்துக் காலையில் தேங்காயெண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தால் எண்ணெய் வருவதில்லை. வெள்ளையாக உறைந்து புட்டிக்குள்ளேயே நிற்கும். சிறிது நேரம் வெயிலில் வைத்தால் உருகிவிடும். அதே வீட்டில், அதே காலையில், நல்லெண்ணெய் உறையாமல் தெளிவாக இருக்கும். நெய் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அடியில் மணல் மணலாகத் திரண்டிருக்கும். மேலே மஞ்சள் நிறத்தில் ஒரு தெளிவு மிதக்கும்.

ஒரே பாத்திரத்தில், ஒரே வெப்பநிலையில், நெய்யின் ஒரு பகுதி மட்டும் ஏன் உறைய வேண்டும்? மற்றொரு பகுதி ஏன் உருகிய நிலையிலேயே இருக்க வேண்டும்? இக்கேள்விக்கு விடை கண்ட மனிதன் அந்த விடையைக் கொண்டு மெழுகுவத்தி செய்தான். செயற்கை வெண்ணெய் செய்தான். நியாயவிலைக் கடையில் நாம் வாங்கும் பாமாயிலையும் அதே முறையில்தான் பிரித்தெடுக்கிறான். இவை எல்லாவற்றுக்கும் நடுவே ஓர் எளிய கருவி இருக்கிறது. அதுதான் எண்ணெயைக் குளிர்விக்கும் கலன். பார்வைக்கு அது ஒரு பெரிய பீப்பாய் போன்றதே. ஆயினும் அதைச் சரியாக அமைக்கக் கற்றுக்கொள்ள நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அந்த வரலாற்றை இங்கே காண்போம்.

மூன்று கைகள்

எண்ணெயும் கொழுப்பும் வேதியியல் நோக்கில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அறை வெப்பநிலையில் உருகியிருந்தால் எண்ணெய் என்கிறோம். உறைந்திருந்தால் கொழுப்பு என்கிறோம். இரண்டின் மூலக்கூறும் ஒரே அமைப்புடையது. கிளிசரின் என்னும் சிறிய முதுகெலும்பில் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் கைகளைப் போல இணைந்திருக்கின்றன. பால்மிட்டிக் அமிலம், ஸ்டியரிக் அமிலம் போன்ற நிறைவுற்ற அமிலங்களின் சங்கிலி நேரானது. ஓலிக் அமிலம் போன்ற நிறைவுறா அமிலங்களின் சங்கிலியில் நடுவே ஒரு வளைவு உண்டு.

நேரான குச்சிகளை நெருக்கமாக அடுக்கலாம்; வளைந்த குச்சிகளை அவ்வாறு அடுக்க முடியாது. ஆகவே, மூன்று கைகளிலும் பால்மிட்டிக் அமிலம் உள்ள கொழுப்பு ஏறத்தாழ 66° செ. வரை உருகாமல் இருக்கிறது. மூன்று கைகளிலும் ஓலிக் அமிலம் உள்ள கொழுப்போ 5° செ. அளவிலேயே உருகிவிடுகிறது.

இயற்கையில் கிடைக்கும் எந்த எண்ணெயும் தனி ஒரு பொருளன்று. அது பலவகை மூலக்கூறுகளின் கலவை. அதைக் குளிர்விக்கும்போது உயர்ந்த உருகுநிலை உடைய மூலக்கூறுகள் முதலில் படிகமாகின்றன. மற்றவை திரவமாகவே நிற்கின்றன. நெய்யில் நீங்கள் காணும் மணலும் தெளிவும் இவையே. படிகத்தை வடிகட்டிப் பிரித்துவிட்டால் ஒரு கொழுப்பிலிருந்து இரண்டு பொருள்கள் கிடைக்கும். கெட்டியான பகுதிக்கு ஸ்டியரின் என்றும், திரவமான பகுதிக்கு ஓலின் என்றும் பெயர். இதற்கு எந்த மருந்தும் சேர்க்க வேண்டியதில்லை. வெப்பத்தை வெளியேற்றினால் போதும். எவ்வாறு வெளியேற்றுவது என்பதில்தான் சிக்கல் எல்லாம் இருக்கிறது.

மையொற்றும் தாளும் மெழுகுவத்தியும்

1815-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு வேதியியலறிஞர் ஆன்ரி பிராக்கோனோ, குளிர்ந்த கொழுப்பை மையொற்றும் தாள்களுக்கு இடையே வைத்து அழுத்திப் பார்த்தார். தாள் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டது; கெட்டிக் கொழுப்பு தாளின்மேல் தங்கியது. கொழுப்பு ஒரே பொருளன்று என்பதற்கு அது கண்கூடான சான்று.

அதே ஆண்டுகளில் மற்றொரு பிரெஞ்சு அறிஞர் மிஷேல் யூஜின் ஷெவ்ரல் கொழுப்பின் உள்ளமைப்பையே ஆராய்ந்துகொண்டிருந்தார். சோப்பிலிருந்து கொழுப்பு அமிலங்களைப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றையும் தூய்மை செய்து, உருகுநிலையை அளந்து பெயரிட்டார். 1823-இல் வெளிவந்த அவருடைய நூல் கொழுப்பு வேதியியலுக்கு அடித்தளம் இட்டது. ஓர் அமிலத்தின் படிகம் முத்தைப் போல் மின்னியது. ஆகவே, கிரேக்க மொழியில் முத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து அதற்கு மார்கரிக் அமிலம் என்று பெயர் வைத்தார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காலத்தில் ஏழைகளின் வீட்டில் எரிந்தது மாட்டுக் கொழுப்பு மெழுகுவத்தி. அது புகையும், நாறும், கோடையில் வளையும். கொழுப்பிலிருந்து திரவ அமிலத்தை அழுத்தி வெளியேற்றிவிட்டு, கெட்டியான அமிலத்தைக் கொண்டு மெழுகுவத்தி செய்தால் இக்குறைகள் நீங்கும் என்று ஷெவ்ரல் கண்டார். 1825-இல் கே-லுசாக்குடன் சேர்ந்து அதற்குக் காப்புரிமை பெற்றார். அவர்களால் அதை வாணிகமாக நடத்த முடியவில்லை. ஆனால் 1830-களில் பிறர் அதில் வெற்றி கண்டனர். ஷெவ்ரல் 1889-இல் தம் 102-ஆம் வயதில் மறைந்தபோது, அவர் தொடங்கி வைத்த வேலை சமையலறைக்குள்ளும் நுழைந்துவிட்டிருந்தது.

வெதுவெதுப்பான அறையில் ஒரு குளிர்விப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பிய நகரங்களில் மக்கள்தொகை பெருகியது; வெண்ணெய் விலையும் ஏறியது. தொழிலாளர் குடும்பங்களால் வெண்ணெய் வாங்க இயலவில்லை. கப்பற்படைக்கோ நெடுநாள் கெடாத கொழுப்பு வேண்டியிருந்தது. மூன்றாம் நெப்போலியனின் அரசு வெண்ணெய்க்கு ஒரு மாற்றைத் தேடியது. அதைக் கண்டுபிடித்தவர் இப்போலித் மேஜ்-மூரியே என்னும் பிரெஞ்சுக்காரர். 1869-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

அவர் செய்தது இதுதான். புதிய மாட்டுக் கொழுப்பை நறுக்கி மிதமான சூட்டில் உருக்கித் தெளிய வைத்தார். தெளிந்த கொழுப்பை ஒரு தொட்டியில் ஊற்றி மெல்ல மெல்ல ஆறவிட்டார். அது அரைகுறையாக உறைந்து குருணைக் கஞ்சி போல் ஆனதும் துணியில் கட்டி அழுத்தினார். கெட்டியான ஸ்டியரின் துணிக்குள் தங்கியது. மெழுகுவத்தி செய்பவர்கள் அதை வாங்கிக்கொண்டனர். வெளியே வந்த இளமஞ்சள் எண்ணெயைப் பாலுடன் கடைந்து குளிர்வித்தார். வெண்ணெயை ஒத்த அப்பொருளுக்கு மார்கரின் என்று பெயர் வந்தது. ஷெவ்ரலின் முத்து அமிலத்திலிருந்து பிறந்த பெயர் அது. 1871-இல் ஒல்லாந்தின் ஓஸ் நகரத்து யூர்கன்ஸ் குடும்பத்தார் இம்முறையை அவரிடமிருந்து விலைக்கு வாங்கிப் பெருந்தொழிலாக வளர்த்தனர்.

இங்கே வியப்பான செய்தி ஒன்று உண்டு. உறைய வைக்க வேண்டிய இந்தக் கொழுப்பை ஐஸ் அறையில் வைக்கவில்லை. 25° முதல் 30° செ. வரை உள்ள வெதுவெதுப்பான அறையில், பல மணி நேரம், சில சமயம் நாட்கணக்கிலும் வைத்திருந்தனர். தொழிலாளர்கள் காரணம் அறியாவிட்டாலும் அனுபவத்தால் ஓர் உண்மையை அறிந்திருந்தனர். விரைவாகக் குளிர்வித்தால் கொழுப்பு களி போல் ஆகிவிடும். எவ்வளவு அழுத்தினாலும் எண்ணெய் பிரியாது. மெதுவாகக் குளிர்வித்தால் குருணை விழும். எண்ணெய் தானே வடியும்.

ஒரே பொருளுக்கு மூன்று உருகுநிலை

இதற்குக் காரணம் என்ன? அதற்கான தடயம் மேஜ்-மூரியேவுக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்திருந்தது. 1849-இல் ஹைன்ட்ஸ் என்ற ஜெர்மானிய வேதியியலறிஞர், விரைந்து உறையவைத்த ஸ்டியரினை மெல்லச் சூடேற்றினார். அது உருகியது, உடனே மீண்டும் உறைந்தது, மேலும் சூடேற்றியதும் இரண்டாம் முறை உருகியது! 1853-இல் டஃபி என்பவர் அது மூன்று முறை உருகுவதைக் காட்டினார். அவர் அளந்த உருகுநிலைகள் ஏறத்தாழ 52°, 64°, 70° செ. ஷெவ்ரலின் மார்கரிக் அமிலம் தனிப்பொருள் அன்று, பால்மிட்டிக் அமிலமும் ஸ்டியரிக் அமிலமும் கலந்த கலவை என்று 1850-களில் காட்டியவரும் இதே ஹைன்ட்ஸ்தான். மார்கரின் என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

ஒரு பொருளுக்கு மூன்று உருகுநிலை எப்படி இருக்க முடியும்? 1930-களில் இங்கிலாந்தில் மால்கினும், 1945-இல் அமெரிக்காவில் லட்டனும் ஊடுகதிர்களைக் கொண்டு கொழுப்புப் படிகங்களை ஆராய்ந்தபோது இப்புதிர் விடுபட்டது. ஒரே மூலக்கூறுகள் மூன்று விதமாக அடுக்கப்படலாம். அவற்றுக்கு ஆல்ஃபா, பீட்டா-பிரைம், பீட்டா என்று பெயர்.

வண்டியில் விறகு ஏற்றுவதை எண்ணிப் பாருங்கள். அவசரத்தில் வாரி எறிந்தால் விறகுகள் தாறுமாறாகக் கிடக்கும். நடுவே சந்துகள் இருக்கும். நிதானமாக அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டி அமரும். திடீரெனக் குளிர்ந்த கொழுப்பின் மூலக்கூறுகள் வாரி எறிந்த விறகு போன்றவை. அதுவே ஆல்ஃபா வடிவம். அது எளிதில் உருகும். அதன் படிகங்கள் மிக நுண்ணியவை, எண்ணற்றவை, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு திரவ எண்ணெயைச் சிறைப்பிடிக்கும். மெதுவாகக் குளிரும்போது மூலக்கூறுகளுக்கு இடம் தேடி அமர அவகாசம் கிடைக்கிறது. அப்போது பீட்டா-பிரைம், பீட்டா வடிவங்கள் தோன்றுகின்றன. அவற்றின் படிகங்கள் எண்ணிக்கையில் குறைந்தும், உருவில் பெரிதாகவும், உறுதியாகவும் இருக்கும். அவற்றின் நடுவே எண்ணெய் வடிந்து செல்ல வழி உண்டு.

கற்கண்டு செய்பவர் பாகைப் பல நாள் அசையாமல் வைத்திருப்பதும், சர்க்கரை ஆலையில் விரைந்து சிறு படிகங்களை விளைவிப்பதும் இதே போன்ற வேறுபாடுதான்.

குளிர்காலம் செய்த வேலை

அமெரிக்காவின் பருத்தி விதை எண்ணெய் வணிகர்களுக்கு இயற்கையே இப்பாடத்தைக் கற்பித்தது. வெளியே பெருந்தொட்டிகளில் தேக்கி வைத்த எண்ணெய் குளிர்காலத்தில் மெல்லக் குளிர்ந்தது. அதில் கெட்டிக் கொழுப்பு அடியில் படிந்தது. மேலே தெளிந்து நின்ற எண்ணெய் பிறகு எவ்வளவு குளிரிலும் எளிதில் கலங்கவில்லை. அந்த எண்ணெய்க்குக் குளிர்கால எண்ணெய் என்றே பெயர் வைத்தனர். வீடுகளில் குளிர்சாதனப் பெட்டி பரவியபோது அதற்குள் வைத்தாலும் கலங்காத எண்ணெய்க்குத் தேவை பெருகியது. குளிர்காலத்துக்காகக் காத்திருக்க முடியுமா? ஆகவே ஆலைக்குள்ளேயே குளிர்காலத்தை உண்டாக்கினர்.

குளிரூட்டிய அறையில் ஆழமான, குறுகலான தொட்டிகள். அவற்றுள் குளிர்ந்த உப்புநீர் ஓடும் குழாய்ச் சுருள்கள். எண்ணெயை முதலில் 6 முதல் 12 மணி நேரத்தில் 13° செ. அளவுக்குக் கொண்டுவருவர். அப்போது முதல் படிகங்கள் கண்ணுக்குத் தெரியும். பிறகு வேகத்தைக் குறைத்து, மேலும் 12 முதல் 18 மணி நேரம் எடுத்துக்கொண்டு 7° அளவுக்கு இறக்குவர். அந்த நேரத்தில் ஒரு வேடிக்கை நிகழும். குழாயில் குளிர்நீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெயின் வெப்பநிலை ஓரிரு டிகிரி ஏறும்! படிகம் விரைவாக வளரும்போது வெளியிடும் உள்ளுறை வெப்பமே அதற்குக் காரணம். அனுபவமுள்ள ஆலைத் தொழிலாளி அந்த ஏற்றத்துக்காகக் காத்திருப்பார். அது வந்தால் படிகம் நன்கு விளைந்தது என்று பொருள். இவ்வாறு கிடைத்த எண்ணெயை ஒரு புட்டியில் அடைத்து, உருகும் பனிக்கட்டிக்குள் ஐந்தரை மணி நேரம் வைத்துப் பார்ப்பர். தெளிவு மாறாவிட்டால் எண்ணெய் தேறிவிட்டது.

வேகமும் வேண்டியதே

மெதுவாகக் குளிர்விப்பதே எப்போதும் நல்லது என்று முடிவு செய்துவிட வேண்டாம். செய்ய வேண்டிய பொருள் வேறானால் கலனின் அமைப்பும் வேறாகும். மார்கரினை ரொட்டியில் தடவும்போது அதில் மணல் தட்டுப்படக் கூடாது. எண்ணெயும் பிரியக் கூடாது. அங்கே நமக்கு வேண்டியது எண்ணெயைச் சிறைப்பிடிக்கும் நுண்படிகங்கள்தாம்.

தொடக்கத்தில் பாலும் கொழுப்பும் சேர்ந்த கலவையைப் பனிநீரில் கொட்டிக் குளிர்வித்தனர். அதன்பின் உள்ளே குளிர்நீர் ஓடும் இரும்பு உருளைகள் வந்தன. சுழலும் உருளையின் மேல் கொழுப்பு மெல்லிய படலமாக உறையும். ஒரு கத்தி அதைச் சுரண்டி எடுக்கும். அமெரிக்காவில் லூயிவில் நகரத்துக் கிளாரன்ஸ் வோக்ட் 1920-களில் ஐஸ்கிரீமுக்காக ஒரு குழாய்க் கருவி அமைத்தார். குழாயின் வெளிப்புறம் குளிர்விக்கும் பொருள்; உட்புறம் வேகமாகச் சுழலும் தண்டு; அதில் பொருத்திய அலகுகள் குழாய்ச் சுவரை ஓயாமல் சுரண்டும். சுவரில் படலம் தடிக்க இடமே இல்லை. 1930-களில் இது மார்கரினுக்கும் பிற சமையல் கொழுப்புகளுக்கும் வந்தது. வோட்டேட்டர் என்று பெயர் பெற்ற இக்கருவியில் கொழுப்பு அரை நிமிடத்துக்குள் குளிர்ந்துவிடும்.

இதற்கிடையே கொழுப்புத் தொழிலின் போக்கையே ஒரு கண்டுபிடிப்பு மாற்றியது. மாட்டுக் கொழுப்பு போதிய அளவு கிடைக்காமல் மார்கரின் ஆலைகள் தவித்தன. 1901-இல் ஜெர்மானியரான வில்ஹெல்ம் நோர்மன், நிக்கல் தூளின் துணையால் திரவ எண்ணெயுடன் ஹைட்ரஜனைச் சேர்த்து அதைக் கெட்டியாக்கினார். இனிக் கெட்டிக் கொழுப்பைப் பிரித்தெடுக்க வேண்டியதில்லை. எந்த எண்ணெயையும் கெட்டியாக்கிக்கொள்ளலாம்! இந்தியாவில் 1937-இல் லீவர் நிறுவனம் டால்டா வனஸ்பதியைக் கொண்டுவந்தது. நம்மவர்கள் நெய்யில் மணலைத் தேடுவார்கள் என்பதை அறிந்து, வனஸ்பதியை மட்டும் டின்களில் அடைத்துக் குளிர் அறையில் மெல்ல உறையவிட்டு மணல் விழச் செய்தனர். ஒரே தொழிலில் மேல்நாட்டு மார்கரினுக்கு வேகம், நம் நாட்டு வனஸ்பதிக்கு நிதானம்!

செம்மஞ்சள் எண்ணெய் கொண்டுவந்த தேவை

ஹைட்ரஜன் முறையின் வெற்றியால் குளிர்வித்துப் பிரிக்கும் கலை சில பத்தாண்டுகள் பின்தள்ளப்பட்டது. அதை மீண்டும் முன்னுக்குக் கொண்டுவந்தது எண்ணெய்ப் பனை. 1917-இல் மலாயாவின் சிலாங்கூரில், தென்னமாரம் தோட்டத்தில், ஆன்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் முதன்முதலாக வாணிக நோக்கில் எண்ணெய்ப் பனையைப் பயிரிட்டார். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலும் பின்னர் பனைத் தோட்டங்களிலும் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர்களும் அவர்களுடைய சந்ததியினரும் உழைத்தனர். 1960-களில் ரப்பரை மட்டும் நம்பியிருக்க முடியாது என்று உணர்ந்த மலேசியா பனையின் பக்கம் திரும்பியது.

பனை எண்ணெயில் ஒரு சங்கடம் உண்டு. அதில் ஏறத்தாழ 44 விழுக்காடு பால்மிட்டிக் அமிலமும் 39 விழுக்காடு ஓலிக் அமிலமும் உள்ளன. ஆகவே அது சாதாரண வெப்பநிலையில் அரைக் கெட்டியாக, கூழ் போல நிற்கும். புட்டியில் அடைத்து விற்க முடியாது. அதைப் பிரித்தாலோ மேலான பகுதி திரவமான சமையல் எண்ணெயாகும், அதுவே பாமோலின். நாம் பாமாயில் என்று சொல்லி வாங்கும் பாக்கெட்டில் இருப்பது இந்தப் பாமோலின்தான்.

பிரிப்பதற்கு மூன்று வழிகள் இருந்தன. கரைப்பானில் கரைத்துக் குளிர்விப்பது ஒன்று. அதில் பிரிவு துல்லியம், ஆனால் தீ விபத்து அச்சமும் செலவும் மிகுதி. 1905-இல் இத்தாலியில் லான்சா சகோதரர்கள் கண்ட முறையைப் பின்பற்றிச் சோப்பு போன்ற நனைப்பான் கலந்த நீரால் படிகத்தைக் கழுவிப் பிரிப்பது மற்றொன்று. அதில் கழிவு நீர்த் தொல்லை. எதையும் சேர்க்காமல் குளிர்வித்து வடிகட்டுவது மூன்றாவது. இது மேஜ்-மூரியே செய்ததேதான். செலவு குறைந்த இம்முறையே இறுதியில் வென்றது. ஆனால் அவர் தொட்டிகளில் செய்ததை மலேசிய ஆலைகள் டன் கணக்கில் செய்ய வேண்டியிருந்தது. அங்கேதான் கலனை அமைப்பவருக்குச் சோதனை வந்தது.

கலன் பெரிதானால்

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள பெட்டியில் 1 கன மீட்டர் எண்ணெய் கொள்ளும். அதன் ஆறு பக்கங்களின் பரப்பு 6 சதுர மீட்டர். அளவுகளை மும்மடங்காக்குங்கள். இப்போது எண்ணெய் 27 கன மீட்டர். பரப்போ 54 சதுர மீட்டர்தான். எண்ணெய் 27 மடங்காகியது. வெப்பம் வெளியேறும் சுவர் 9 மடங்கே ஆகியது. ஒவ்வொரு கன மீட்டருக்கும் 6 சதுர மீட்டர் சுவர் இருந்த இடத்தில் இப்போது 2 சதுர மீட்டரே உள்ளது.

வெளியேற்ற வேண்டிய வெப்பமும் சிறிதன்று. ஒரு கிலோ எண்ணெயின் வெப்பநிலையை ஒரு டிகிரி குறைக்க அரைக் கிலோ கலோரியை எடுத்தால் போதும். ஆனால் ஒரு கிலோ கொழுப்பு படிகமாகும்போது ஏறத்தாழ 40 கிலோ கலோரி வெளிவருகிறது. அதே அளவு எண்ணெயின் வெப்பநிலையை 80 டிகிரி உயர்த்தப் போதுமான வெப்பம் அது! அத்துடன் எண்ணெய் ஓர் அரிதிற் கடத்தி. அதன் வெப்பங்கடத்தும் திறன் நீருக்கு உள்ளதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. குளிரக் குளிர அது பாகு போல் இறுகுவதால் தானே சுழன்று கலப்பதும் இல்லை.

சரி, மிகக் குளிர்ந்த நீரைச் செலுத்தி வேலையை விரைவில் முடித்துவிடலாமே என்று நினைக்கிறீர்களா? அதுதான் பெரிய தவறு. சுவரை ஒட்டிய எண்ணெய் உடனே உறைந்து தோல் போல் படியும். அந்தத் தோலே வெப்பத்தைத் தடுக்கும் போர்வையாகிவிடும். சுவரருகே ஆல்ஃபா வடிவக் களி. நடுவிலோ இன்னும் சூடான எண்ணெய். இக்களி வடிகட்டிக்குச் சென்றால் துணியின் துளைகளை அடைத்துவிடும். அப்போது முழுத் தொகுதியையும் மீண்டும் உருக்கி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பல மணி நேர உழைப்பும் எரிபொருளும் வீண்.

ஆகவே கலனை அமைப்பவர்கள் வேறு வழியில் சென்றனர். குளிரின் கடுமையைக் கூட்டாமல் குளிரும் பரப்பைக் கூட்டினர். கலனுக்குள் குழாய்ச் சுருள்களையும் உட்குழிவான தகடுகளையும் நெருக்கமாக அமைத்தனர். எண்ணெயின் எந்தத் துளியும் குளிர்ந்த பரப்பிலிருந்து வெகுதூரத்தில் இல்லாதவாறு பார்த்துக்கொண்டனர். பரப்பு மிகுதியாக இருந்தால், எண்ணெயை விடச் சில டிகிரி மட்டுமே குளிர்ந்த நீர் போதும். எண்ணெய் குளிரக் குளிர நீரின் வெப்பநிலையையும் படிப்படியாக இறக்கலாம்.

கலக்கியிலும் நுட்பம் உண்டு. வேகமாகச் சுழன்றால் அது படிகங்களை உடைக்கும். ஒவ்வொரு துண்டும் ஒரு புதிய விதையாகும். பெரும் படிகங்களுக்குப் பதிலாகத் தூள் விளையும். மிக மெதுவாகச் சுழன்றாலோ படிகம் அடியில் தங்கும்; மூலைகளில் எண்ணெய் தேங்கும். ஆகவே அகன்ற அலகுகளைக் கொண்டு, கலன் முழுவதும் எண்ணெய் நகரும்படி மென்மையாகக் கலக்குகிறார்கள்.

பனை எண்ணெயை முதலில் 70° செ. அளவுக்குச் சூடேற்றுவார்கள். பழைய படிகத்தின் சுவடு சிறிதும் இல்லாமல் அழிக்கவே இந்தச் சூடு. பின்னர் பல மணி நேரம் எடுத்துக்கொண்டு 22° அளவுக்குக் கொண்டுவருவார்கள். முதற்படிகங்கள் தோன்றும் வேளையில் இறக்கத்தை ஏறக்குறைய நிறுத்திக் காத்திருப்பார்கள். பருத்தி விதை எண்ணெய்த் தொழிலாளி எதிர்பார்த்த அதே வெப்ப ஏற்றத்தை இன்று கருவிகள் கண்காணிக்கின்றன.

படிகம் நன்கு விளைந்தாலும் அதைப் பிரிக்கும் வேலை இருக்கிறது. பெல்ஜியத்தின் டிர்ட்டியோ நிறுவனம் ஓடும் பட்டை மீது வெற்றிடத்தால் எண்ணெயை உறிஞ்சும் வடிகட்டியை அமைத்தது. 1980-களில், வடிகட்டிய பின் படிக அடையை ரப்பர் சவ்வால் பிழியும் அழுத்தி வந்தது. நூற்றுக்கு 70 பங்கு அளவில் கிடைத்துவந்த பாமோலின் 80 பங்கை நெருங்கியது. மேஜ்-மூரியேயின் துணி மூட்டைதான் இப்படி உருமாறியது.

பழைய வழியின் புது மதிப்பு

ஹைட்ரஜன் முறையின் கதை இதற்குள் வேறு திருப்பம் கண்டது. எண்ணெயை அரைகுறையாக ஹைட்ரஜன் ஏற்றும்போது சில வளைந்த சங்கிலிகள் ஹைட்ரஜனை ஏற்காமலே நிமிர்ந்துவிடுகின்றன. இவையே டிரான்ஸ் கொழுப்புகள். 1990-இல் ஒல்லாந்து ஆய்வாளர்கள் மென்சிங்க், காட்டன் இருவரும் ஓர் உண்மையை வெளியிட்டனர். டிரான்ஸ் கொழுப்பு இரத்தத்தில் தீய கொலஸ்டிராலைக் கூட்டுவதோடு நல்ல கொலஸ்டிராலைக் குறைக்கவும் செய்கிறது என்பதே அது. 2018-இல் உலக சுகாதார நிறுவனம் தொழில்முறை டிரான்ஸ் கொழுப்பை உலக உணவிலிருந்தே அகற்ற அறைகூவியது. இந்தியாவில் 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்பு வகைகளில் அதன் அளவு 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று விதிக்கப்பட்டது.

ரொட்டிக்கும் பிஸ்கட்டுக்கும் கெட்டிக் கொழுப்பு இல்லாமல் முடியாது. அதற்காகத் தொழில்துறை மீண்டும் குளிர்விக்கும் கலனையே நாடியது. பனை ஸ்டியரினைப் பிற எண்ணெய்களோடு சேர்த்தால், நிக்கலும் ஹைட்ரஜனும் இன்றியே வேண்டிய கெட்டித்தன்மை கிடைக்கிறது. பனை ஸ்டியரினும் நிறைவுற்ற கொழுப்பு மிகுந்ததே; அளவோடுதான் உண்ண வேண்டும். ஆனால் டிரான்ஸ் கொழுப்பின் தீங்கு அதில் சேர்வதில்லை. நூறாண்டுக்கு முன் விரைவான வழி என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு பொறுமையான வழியை ஒதுக்கினோம். அவசரத்தின் விலை பிறகுதான் தெரிந்தது.

நீங்களே செய்து பார்க்க

கார்த்திகை அல்லது மார்கழியில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். சிறிது நெய்யை மணல் முழுவதும் மறையும் வரை உருக்கி, இரண்டு சிறு கிண்ணங்களில் சம அளவு ஊற்றுங்கள். ஒன்றை ஐஸ் போட்ட நீரில் நிறுத்துங்கள். மற்றதை வெதுவெதுப்பான நீர் நிறைந்த பெரிய பாத்திரத்தில் நிறுத்தி, பாத்திரத்தின் மேல் தடித்த துணியைப் போர்த்தி ஒரு நாள் ஆடாமல் விட்டுவிடுங்கள். முதற்கிண்ணத்தில் நெய் பசை போல வழவழவென்று உறைந்திருக்கும். இரண்டாவதில் பருத்த மணலும் அதன் மேல் தெளிவும் இருக்கும். இரண்டையும் தனித்தனியே மெல்லிய துணியில் இட்டு மெதுவாகப் பிழியுங்கள். எதிலிருந்து எண்ணெய் எளிதில் வடிகிறது என்று பாருங்கள்.

இரண்டு கிண்ணத்திலும் நெய் ஒன்றே. வெப்பம் வெளியேறிய வேகம் மட்டுமே வேறு. 27 கன மீட்டர் எண்ணெயை உங்கள் இரண்டாம் கிண்ணத்தைப் போல் நடத்துவதற்கே பொறியியலாளர்கள் இத்தனை குழாய்களையும் தகடுகளையும் கலனுக்குள் வைக்க வேண்டியிருந்தது.